ஸ்பார்க் பிளக் கொடுத்தார், பரிசை இழந்தார்

ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை இருக்கிறது அல்லவா? டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. அப்போது டாட்டா குழுமத் தலைவர் ஜே.ஆர்.டி. டாட்டா. அவருக்குக் கடிகாரத்தைவிட ஆகாய விமானத்தின் மீதுதான் கொள்ளை ஆசை!

பாரிஸ் நகரில் 1904-ல் பிறந்தவர். 1929-ல் இந்தியாவின் முதல் விமானி லைசென்சைப் பெற்றார்.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தன்னந்தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்தார். 1930-ல் டாட்டா இங்கிருந்து கிளம்பினார். அஸ்பி என்ஜினீயர் என்ற 17 வயது வாலிபர் அங்கிருந்து கிளம்பினார். வழியில் எகிப்து நாட்டு அபுகீரில் டாட்டா இறங்கினார். அங்கே ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார் அஸ்பி. டாட்டா பேசாமல் போயிருந்தால் பரிசு அவருக்கே! ஆனால் தம்மிடமிருந்த பிளக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். சில மணி நேர வித்தியாசத்தில் அஸ்பி ஜெயித்தார். அந்த வாலிபர்தான் பின்னாளில் இந்திய விமானப் படைத் தளபதி!

1932 அக்டோபர் 15. புஸ் மாத் என்ற ஒற்றை எஞ்சின் குட்டி விமானம். விமானியோடு இரண்டு பேர் போகலாம். தபால் மூட்டையும் ஏற்றலாம். அதில் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார் டாட்டா. அங்கிருந்து நண்பர் நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஏர் இந்தியா இப்படித்தான் பிறந்தது.

1993-ல் ஜெனீவாவில் காலமானார் டாட்டா. அதற்குப் பதினோரு வருஷம் முன்பு, 78 வயதில், அதே கராச்சி-பம்பாய்ப் பாதையில் ஒற்றை எஞ்சின் விமானத்தை மறுபடி ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.