சமக்குறி தந்த றொபேட் றெக்கோட்

ஒரு படியின் கீழ் மறுபடியை எழுதி, சமக்குறியின் நேர்கீழே சமக்குறியை நிறுத்தி விடை காண்பது நம் மாணவர்க்குக் கைவந்த பழக்கம். கணித நூல்களை அச்சுக்கோப்போரும் அக்குறியையே தூணாகக் கொண்டு வரிகளை ஒழுங்குசெய்வர். அதனை ஈந்த பெரியாரை நாம் நினைப்பதோ அரிது.

றொபேட் றெக்கோட் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேல்ஸ் நாட்டுத் தென்பிப் பட்டினத்திற் பிறந்தார். ஒக்ஸ்போட்டிற் கற்று, 1545இல் கேம்பிரிட்ஜில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிஞர் பலர் இலத்தீனிலே எழுதிய அக்காலத்தில், எளியோரும் கற்குமாறு கணித நூல்களை ஆங்கிலத்தில் இயற்றினார்.

சமன் என்பதை முன்னையோர் சொல்லாலேயே எழுதிவந்தனர். 1557இல் வெளிவந்த ‘அறிவின் சாணைக்கல்’ என்னும் அட்சரகணித நூலிலே, அச்சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பு நீங்க, ஒரே நீளமுடைய இரு சமாந்தரக் கோடுகளை அவர் குறியாக அமைத்தார். அவற்றினும் சமமான இரு பொருள்கள் இல்லை என்பதே அவர் காட்டிய காரணம்.

பெம்புறோக் பிரபு தொடுத்த மானநட்ட வழக்கிலே 1,000 பவுண் செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. செலுத்தாமையாற் சிறைப்பட்ட அவர் 1558இல் அங்கேயே உயிர்நீத்தார். அக்குறியும் 1618வரை அச்சேறாது கிடந்தது. 1631இல் ஹரியட், ஓட்றெட் ஆகியோரின் நூல்களில் இடம்பெற்ற பின்னரே நிலைபெறலாயிற்று.

படி தவறாது நாம் எழுதும் ஒவ்வொரு வரியிலும் அப்பெரியாரின் உழைப்பு வாழ்கின்றது.