வெறுமையில் விளைந்த தலைமை

மக்களை வழிநடத்தும் பொறுப்பு ஒருவரிடம் வந்து சேர்ந்துவிட்டால், அதன்பின் அவரது நேரம் அவருடையதாக இருப்பதில்லை. சந்திப்புகள், கடிதங்கள், கூட்டங்கள், பிரச்சினைகள் என்று நாள் முழுவதும் நிரம்பிவிடுகிறது. அத்தகையவருக்கு எப்போதாவது வேலையற்ற ஒரு நாள் வாய்த்தால் மனம் சலிப்படைகிறது. பொழுது வீணாகிறதே என்று பதறி, உடனே வேறொரு வேலையைத் தேடி ஓடுகிறது.

கேரளத்தின் சமுதாய வாழ்வையே மாற்றியமைத்த ஸ்ரீ நாராயண குருவின் வரலாறு இதற்கு மாறான ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. அவரது தலைமைக்கு வித்திட்டவை, உலகப் பணி எதுவுமின்றி அவர் கழித்த ஆண்டுகளே.

மாடு மேய்த்த சிறுவன்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே உள்ள செம்பழந்தி கிராமத்தில் 1856ஆம் ஆண்டு, மாடன் ஆசான், குட்டியம்மாள் தம்பதியின் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நாராயணன். வீட்டில் அழைத்தது நாணு. தந்தை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியவர். தாய்மாமன் கிருஷ்ணன் வைத்தியர் ஆயுர்வேத மருத்துவர்.

மாடு மேய்ப்பதும் வெற்றிலைக் கொடிகளைப் பேணுவதும் சிறுவன் நாணுவின் பணிகள். இவை உடலை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மனத்தை அதன் போக்கில் விட்டுவிடும் பணிகள். படித்த பாடல்களையும் சுலோகங்களையும் அசைபோட அந்த நீண்ட பகற்பொழுதுகள் அவருக்கு உதவின.

பின்னர் கும்மம்பிள்ளி ராமன் பிள்ளை ஆசானிடம் சமஸ்கிருதம் பயின்றார். நோய்வாய்ப்பட்டதால் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, நாணு ஆசான் என்று பெயர் பெற்றார். உறவினர்கள் திருமணம் செய்து வைத்தனர். ஆயினும் அவரது உள்ளம் இல்லறத்தில் நிலைக்கவில்லை. வீட்டைத் துறந்து நாடோடியாகத் திரியலானார்.

இந்தக் காலத்தில்தான் சட்டம்பி சுவாமிகளின் நட்பு அவருக்குக் கிட்டியது. திருவனந்தபுரம் தைக்காட்டில் ஆங்கிலேய ரெசிடெண்டின் அலுவலகத்தில் பணியாற்றிய தமிழரான அய்யாவு சுவாமிகளிடம் இருவரும் யோகம் பயின்றனர். கடற்கரைக் கிராமங்களிலும் காடுகளிலும் அலைந்து, கிடைத்ததை உண்டு, எல்லாச் சாதி மக்களோடும் பழகியபடி நாணு ஆசானின் நாட்கள் கழிந்தன.

மலைக் குகையில்

இறுதியில் அவர் கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மருந்துவாழ்மலையைச் சென்றடைந்தார். அங்குள்ள பிள்ளைத்தடம் என்னும் குகை அவரது இருப்பிடமாயிற்று. முடித்தாக வேண்டிய கடமை என்று அங்கு எதுவும் இல்லை. விடிந்தால் மலை, தொலைவில் கடல், ஓயாத காற்று, மறுநாளும் அவையே. உலகத்தின் கணக்கில் அவர் தொழிலற்ற ஓர் இளைஞர்.

இத்தகைய தனிமை எவருக்கும் தொடக்கத்தில் இனிப்பதில்லை. பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காத மனம் முதலில் சலிக்கும். பிறகு பழைய நினைவுகளைக் கிளறும். அதிலும் களைத்தபின், தன்முன் இருப்பதை விருப்பு வெறுப்பின்றிப் பார்க்கத் தொடங்கும். சலிப்பைக் கண்டு ஓடுபவர் இந்த நிலையை எட்டுவதில்லை. தமிழ்ச் சான்றோர் சும்மா இருத்தல் என்று போற்றியது இதையே. அதைச் சோம்பல் என்று கொள்ளலாகாது. சோம்பலில் மனம் மங்குகிறது, சும்மா இருப்பதிலோ தெளிகிறது.

இந்தத் தமிழ் மரபில் குரு ஆழ்ந்த பயிற்சி உடையவர். தமிழிலேயே பதிகங்கள் இயற்றியவர். கண்ணுடைய வள்ளலாரின் ஒழிவிலொடுக்கத்தையும், திருக்குறளின் ஒரு பகுதியையும் மலையாளத்தில் மொழிபெயர்த்தவர்.

ஆற்றிலிருந்து எடுத்த கல்

அன்றைய திருவிதாங்கூரில் அவர் பிறந்த ஈழவ சமுதாயத்தினர் உயர்சாதியினரின் கோயில்களுக்குள் நுழைய முடியாது. கோயிலைச் சுற்றியுள்ள பல தெருக்களில் நடக்கவும் உரிமையில்லை. கல்வி கற்றாலும் அரசு வேலை கிடைப்பது அரிது. டாக்டர் பல்ப்பு சென்னையில் மருத்துவம் பயின்றும் சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டு, மைசூர் அரசில் பணியாற்ற நேர்ந்தது. மூடிய கதவுக்கு வெளியே நின்று ஏங்குவது, அல்லது திறக்கும்படி மன்றாடுவது, இவை இரண்டே அம்மக்களுக்குத் தெரிந்த வழிகளாக இருந்தன.

மலையிலிருந்து திரும்பிய குரு, நெய்யாற்றின்கரைக்கு அருகே நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புரத்தில் தங்கினார். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து, நெடுநேரம் தியானத்தில் நின்றபின் அதைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். பிராமணரல்லாத ஒருவர் இதைச் செய்யலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. தாம் நிறுவியது ஈழவச் சிவனையே என்று அவர் அமைதியாக விடையளித்ததாகக் கூறுவர். சாதி பேதமும் மதத் துவேஷமும் இன்றி அனைவரும் சகோதரர்களாக வாழும் முன்மாதிரி இடம் இது என்ற கருத்து அங்கே பொறிக்கப்பட்டது.

அவர் எவருடைய கதவையும் தட்டவில்லை, உடைக்கவும் இல்லை. எவரும் நுழையக்கூடிய வேறொரு கோயிலை எழுப்பினார். இத்தகைய முயற்சிகள் முன்பும் ஆங்காங்கே நடந்ததுண்டு. அருவிப்புரத்தில் நடந்தது ஓர் இயக்கமாக வளர்ந்தது. அங்கு உருவான கோயில் சங்கமே 1903ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக விரிந்தது.

வெற்றியிலும் விலகி நின்றவர்

யோகத்தின் தலைமை குருவிடம் இருந்தது. நிர்வாகத்தை அவர் தம் சீடரும் கவிஞருமான குமாரன் ஆசானிடம் ஒப்படைத்தார். 1904ஆம் ஆண்டு முதல் வர்க்கலாவின் சிவகிரிக் குன்று அவரது இருப்பிடமாயிற்று. யோகத்தில் சாதி உணர்வு தலைதூக்குவதைக் கண்டபோது, 1916ஆம் ஆண்டு அதிலிருந்து விலகிக்கொள்வதாக டாக்டர் பல்ப்புவுக்குக் கடிதம் எழுதினார். தாம் வளர்த்த அமைப்பையே விட்டு நிற்க அவரால் முடிந்தது. எந்தப் பதவியையும் பற்றிக்கொள்ளாத மனத்திற்கே இது இயலும்.

தாம் கண்ட வழியையும் அவர் கண்மூடித்தனமாகத் தொடரவில்லை. கோயில்கள் எழுப்பியவரே, 1917ஆம் ஆண்டு, இனி மக்களுக்குத் தேவை பள்ளிக்கூடங்களே என்று அறிவுறுத்தினார். பின்னர் நிறுவிய கோயில்களிலும் புதுமை செய்தார். காரமுக்கில் சிலைக்குப் பதிலாக விளக்கை வைத்தார். 1927ஆம் ஆண்டு களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். இறைவனைக் காணச் சென்றவர் அதில் தம்மையே கண்டார்.

வேலை நெருக்கடியில் மூழ்கிய தலைவர், ஒருமுறை பலித்ததையே திரும்பத் திரும்பச் செய்வது இயல்பு. புதிதாக எண்ண அவருக்கு நேரம் இருப்பதில்லை. குருவோ பணிகளுக்கு நடுவிலும் மௌனத்திற்கு இடம் வைத்திருந்தார். அதனால்தான் காலம் மாறியபோது வழியையும் மாற்ற அவரால் முடிந்தது.

1928ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று சிவகிரியில் அவர் மகாசமாதி அடைந்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1936ஆம் ஆண்டு, திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன.

நமக்குரிய பாடம்

வெறுமை மட்டுமே எவரையும் தலைவராக்கிவிடாது. குகைக்குச் செல்லுமுன் குரு நன்கு கற்றிருந்தார். மக்களின் துயரை நேரில் கண்டிருந்தார். அந்தக் கல்வியும் கருணையும் ஒன்று கலந்து வழியாக உருப்பெறுவதற்கு, வேலையற்ற ஆண்டுகள் தேவைப்பட்டன.

குடும்பத்தையோ, பள்ளியையோ, அலுவலகத்தையோ, தொண்டர் குழுவையோ நடத்தும் நம்மால் மலைக் குகைக்குச் செல்ல இயலாது. நாள்தோறும் அரை மணி நேரம் கைபேசியும் புத்தகமும் பேச்சும் இன்றி அமர்ந்திருக்க இயலும். முதல் சில நாட்களில் சலிப்பே மிஞ்சும். எழுந்து ஓடாமல் அதைப் பொறுத்திருப்பதே இதில் முதற்படி.