கல்கியும் விமோசனமும்

சோழவளநாட்டில், மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில், 1899ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9ஆம் நாள், ஊர்க் கணக்கராயிருந்த இராமசாமி ஐயரின் மைந்தராய்த் தோன்றியவர் கிருஷ்ணமூர்த்தி. கல்கி என்னும் புனைபெயரால் தமிழுலகம் போற்றும் ஆசிரியர் இவரே. பொன்னியின் செல்வனை இயற்றியவர் என்று இவரை யாவரும் அறிவர். ஆயின், குடியால் நலிந்தோரின் மீட்சிக்காக இவர் உழைத்த வரலாற்றை நம் மாணவருட் பலர் அறியார்.

மாயூரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பயின்ற கிருஷ்ணமூர்த்தி, 1921இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பள்ளியிறுதித் தேர்வை எழுதாமலே வெளியேறி, பின்னர் ஓராண்டுச் சிறைவாசமும் எய்தினார். 1923 முதல் திரு. வி. கலியாணசுந்தரனாரின் நவசக்தியில் பணியாற்றி, எழுத்துத் தொழிலில் தேர்ந்தார். 1928இல் அதனை விட்டு நீங்கி, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி நிறுவியிருந்த காந்தி ஆசிரமத்தை அடைந்தார்.

அக்காலத்தே கள்ளுக்கடைகளை அரசாங்கமே ஏலம் விட்டு வருவாய் ஈட்டி வந்தது. பகலெல்லாம் உழைத்துப் பெற்ற கூலி மாலையில் கடைக்காரன் கைக்குச் செல்ல, மனைவி மக்கள் பட்டினி கிடந்தனர். இக்கொடுமையை நீக்கும் பொருட்டு 1929இல் இராஜாஜி விமோசனம் என்னும் இதழைத் தொடங்கினார். கிருஷ்ணமூர்த்தி அதற்குத் துணை நின்றார். குடிகாரனைப் பழித்தல் எளிது. பழிப்பைக் கேட்டுத் திருந்தினோர் சிலரே. ஆதலின் அவ்விதழ் அறவுரையோடு நில்லாது, கதையாகவும் படமாகவும் பேசிற்று. நகைச்சுவையும் இரக்கமும் கலந்து கிருஷ்ணமூர்த்தி எழுதிய கதைகளில் ஏழைக் குடும்பங்கள் தம்மையே கண்டன.

1930ஆம் ஆண்டு ஏப்ரலில், இராஜாஜி திருச்சியிலிருந்து தஞ்சை நாட்டின் வழியே வேதாரணியத்திற்கு உப்பு யாத்திரை சென்று சிறைப்பட்டார். கிருஷ்ணமூர்த்தியும் அவ்வாண்டில் ஆறு மாதம் சிறையிருந்தார். பத்து இதழ்களோடு விமோசனம் நின்றது. பின்னர் ஆனந்த விகடனிலும், 1941 முதல் தம் சொந்தப் பத்திரிகையாகிய கல்கியிலும் அவர் பெற்ற புகழ் யாவரும் அறிந்ததே.

1937 அக்டோபர் முதல் நாள், முதலமைச்சரான இராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைச் சட்டமாக்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவிற்று. அந்நிலையைக் கண்ணுற்றே கல்கி 1954 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். ஆயின், 1971இல் சட்டம் தளர்ந்து கடைகள் மீண்டும் திறந்தன. சட்டம் கடையைப் பூட்டவல்லது. குடிவேட்கையை அதனால் பூட்ட இயலாது.

இங்கே அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்றை ஒப்பு நோக்குதல் தகும். 1935இல் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்பவர், தாம் மீண்டும் வழுவாதிருத்தற்குத் துணையாக மற்றொரு குடிநோயாளியைத் தேடி, பாப் ஸ்மித் என்னும் மருத்துவரைக் கண்டார். ஒருவர் கதையை மற்றவர் கேட்டார், இருவரும் மீண்டனர். பெயர் வெளியிடாக் குடிநோயாளர் சங்கம் இவ்வாறு பிறந்தது. கட்டணமில்லை, ஏளனமில்லை, இன்று ஒரு நாள் குடியாதிருப்பதே அவர்தம் குறிக்கோள். தமிழ்நாட்டிலும் இன்று அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

துன்புற்றவனைக் கதையால் அணுகலாம் என்னும் உண்மையைக் கல்கியும் கண்டார், வில்சனும் கண்டார். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. விமோசனத்தில் கதை சொன்னவர் குடியாதவர். ஆக்ரனில் சொன்னவரோ குடித்து மீண்டவர். கேட்டவனே நாளைச் சொல்பவனாகின்றான். பிறனைத் தாங்குவதாலேயே தானும் நிற்கின்றான். தலைவர் சிறை சென்றால் இதழ் நிற்கும். ஆட்சி மாறினால் சட்டம் தளரும். இக்கூட்டுறவோ எவர் ஒருவரையும் நம்பியதன்று. அதனாலேயே இது நெடுங்காலம் மக்கள் ஆதரவு பெற்று நிலைக்கின்றது.

காவிரிக்கரை ஊர்களில் இன்றும் குடியால் வாடும் இல்லங்கள் உள. அவற்றுள் புகுவோர், கல்கியின் இரக்கத்தை முதலிற் கொண்டு செல்வாராக. மீண்டவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வாராயின், அவர் தொடங்கிய பணி நிறைவெய்தும்.