மறுக்கப்பட்ட மஞ்சள் நிறம்

உருசிய வேதியியலறிஞர் போரிசு பெலவுசோவ் 1893-இல் பிறந்தவர். சுவிட்சர்லாந்தில் பயின்று, தாயகம் திரும்பி ஆய்வில் ஈடுபட்டார்.

ஆக்சாலிக் அமிலத்தில் விடும் பர்மாங்கனேட்டின் முதற்சொட்டு மெல்ல நிறமிழக்கும். அடுத்தவை விரைந்து மறையும். விளையும் மாங்கனசு அயனியே வினையை ஊக்குவிக்கிறது. தன்வினையூக்கம் எனப்படும் இதனை நாமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறோம்.

பெலவுசோவ் கண்டதோ அதனினும் விந்தை! சிட்ரிக் அமிலம், புரோமேட்டு, சீரியம் உப்பு கலந்த அமிலக் கரைசல் மஞ்சளாகி, நிறமிழந்து, மீண்டும் மஞ்சளாயிற்று. 1951-இல் அவர் அனுப்பிய கட்டுரையை, இது நடவாததென்று திருப்பிவிட்டனர். ஆறாண்டுகள் மேலும் உழைத்து எழுதியதும் அச்சேறவில்லை. 1959-இல் கதிரியக்க மருத்துவத் தொகுப்பொன்றில் சிறு குறிப்பாக வெளிவந்தது.

1961-இல் சபோட்டின்சுகி என்னும் இளைஞர் அதனை மீண்டும் ஆராய்ந்தார். 1970-இல் பெலவுசோவ் மறைந்தார். புரோமசு அமிலம் தன்னைத் தானே பெருக்குவதும், புரோமைடு அதனை அடக்குவதுமே காரணமென 1972-இல் தெளிவாயிற்று. லெனின் பரிசு 1980-இல் வந்தது, பெறத்தான் அவரில்லை.

அடைத்த கதவுக்கே பூசை நடக்கும் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலைக் கொண்ட தேவதானப்பட்டி என் ஊர். அதனால் அவருடைய பொறுமை எனக்கு வியப்பளிக்கவில்லை. கோட்பாட்டைக் காட்டிக் கண்கண்டதை மறுத்ததே வியப்பு. நண்பர்களே, நடவாதென்று சொல்லுமுன் ஒருமுறை கலந்து பார்ப்போம்!