ஒரு டொலருக்கு உலகுக்குக் கிடைத்த உயிர்மருந்து

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் எமது மக்கள் மத்தியில் சீனி வருத்தம் எட்டிப் பார்க்காத குடும்பம் அரிதாகி வருகின்றது. கோயிலுக்குச் செல்பவரும் பள்ளிவாசலுக்குச் செல்பவரும் தேவாலயத்துக்குச் செல்பவரும் ஒரே மருந்துக்கடையில் இன்சுலின் வாங்குகின்றனர். அந்த மருந்தை உலகுக்கு அளித்தவர்களில் முதன்மையானவரான பிரெட்ரிக் பான்டிங்கின் வாழ்வை இன்று நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. பன்றியின் மரபணுக்களை மாற்றியமைத்து, அதன் இதயத்தையும் சிறுநீரகத்தையும் மனிதருக்குப் பொருத்தும் காலம் தொடங்கியிருக்கின்றது. நமது சமயங்களையும் மனச்சாட்சியையும் தொடுகின்ற இவ்விடயத்தில் பான்டிங்கின் வரலாறு சில தெளிவுகளைத் தருகின்றது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அலிஸ்டன் என்ற ஊருக்கு அருகில், 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி ஒரு விவசாயக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் கலைத்துறையில் சேர்ந்து, பின்னர் மருத்துவத்துக்கு மாறி, 1916இல் பட்டம் பெற்றார். முதலாவது உலகப் போரில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றி, 1918இல் பிரான்ஸில் காயமடைந்தார். அவரது துணிவுக்காக இராணுவச் சிலுவை விருது வழங்கப்பட்டது.

போர்க்களத்தில் வீரராக விளங்கியவர் ஊர் திரும்பியதும் தொழிலில் தோற்றுப்போனார் என்றே கூறவேண்டும். 1920இல் லண்டன் என்னும் கனடிய நகரில் அவர் திறந்த சிகிச்சை நிலையத்துக்கு நோயாளர் வரவில்லை. முதல் மாத வருமானம் நான்கு டொலர் மட்டுமே. செலவுக்காக அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் போதிக்கச் சென்றார். வகுப்புக்கெனச் சதையி பற்றி வாசித்துக்கொண்டிருந்த ஒக்டோபர் மாத இறுதி இரவொன்றில்தான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. சதையியின் கானைக் கட்டிவிட்டால் சமிபாட்டுச் சுரப்பை உண்டாக்கும் கலங்கள் அழிந்துபோகும், எஞ்சுகின்ற கலத்திட்டுகளிலிருந்து நீரிழிவைக் கட்டுப்படுத்தும் பொருளைப் பிரித்தெடுக்கலாம் என அவர் எண்ணினார்.

அக்காலத்தில் நீரிழிவுக்கு ஆளான சிறுவர்களுக்கு வைத்தியம் என்பது பட்டினியே. உணவைக் குறைத்து மரணத்தைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ தள்ளிப்போட மட்டுமே வைத்தியர்களால் முடிந்தது. இந்நிலையில் டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியொட் தயக்கத்துடன் வழங்கிய ஆய்வுகூடத்தில், சார்ள்ஸ் பெஸ்ட் என்ற இளம் உதவியாளருடன் 1921 மே மாதம் பான்டிங் பணியைத் தொடங்கினார். சதையி அகற்றப்பட்ட நாய்களின் குருதியில் உயர்ந்த சீனி, அவர்கள் தயாரித்த சாற்றினால் இறங்கியது. ஆயினும் நாய்களிலிருந்து கிடைத்த சாறு போதவில்லை. பண்ணையில் வளர்ந்த அனுபவம் பான்டிங்குக்கு அங்கு கைகொடுத்தது. இறைச்சிக்காக அறுக்கப்படும் பசுக்கள் பல கருவுற்றிருக்கும் என்பதை அறிந்திருந்த அவர், அறுப்புக்களத்துக்குச் சென்று கருக்கன்றுகளின் சதையியைப் பெற்றுவந்தார். பின்னர் வளர்ந்த மாடுகளின் சதையியும் பயன்பட்டது. கொலிப் என்ற உயிரிரசாயன அறிஞர் அச்சாற்றைச் சுத்திகரித்தார்.

1922 ஜனவரி 11ஆம் திகதி, டொரன்டோ பொது வைத்தியசாலையில் மரணத்தின் வாசலில் கிடந்த 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தொம்சனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. மருந்து போதிய தூய்மை பெறாததால் பலன் கிட்டவில்லை. ஜனவரி 23ஆம் திகதி கொலிப்பின் தூய்மையான சாறு ஏற்றப்பட்டபோது சிறுவன் தேறினான். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அவன் வாழ்ந்தான்.

அடுத்த ஆண்டு பான்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் தமது காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு விற்றனர். பெரும் செல்வத்தை அள்ளித் தந்திருக்கக்கூடிய உரிமை அது. உயிர்காக்கும் மருந்தில் வைத்தியன் இலாபம் தேடலாகாது என்பதே பான்டிங்கின் நிலைப்பாடு. அதற்காக அவரை ஞானியாகச் சித்திரிக்க நாம் முற்படவில்லை. 1923இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு தமக்கும் மெக்லியொட்டுக்கும் வழங்கப்பட்டபோது, பெஸ்ட் புறக்கணிக்கப்பட்டதாக அவர் கொதித்தெழுந்தார். தமது பங்கில் பாதியை பெஸ்ட்டுக்கு அளித்தார். மெக்லியொட் தமது பங்கை கொலிப்புடன் பகிர்ந்துகொண்டார். மெக்லியொட் மீது பான்டிங் கொண்ட பகைமை தணியவேயில்லை.

நாய்களிலும் மாடுகளிலும் தொடங்கிய ஆய்வு, மருந்து உற்பத்தியாக விரிந்தபோது பன்றியை நாடியது. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் அறுப்புக்களங்களிலிருந்து பன்றிகளினதும் மாடுகளினதும் சதையியைக் கொள்வனவு செய்தது. சுமார் 225 கிராம் இன்சுலினைப் பெற இரண்டு தொன்னுக்கும் அதிகமான பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. இரு விலங்குகளின் இன்சுலினும் கலந்த குப்பிகளும் விற்பனைக்கு வந்தன. முஸ்லிமுக்கு விலக்கப்பட்ட விலங்கும் இந்துவுக்குப் புனிதமான விலங்கும் ஒரே குப்பியில் சேர்ந்திருந்தன. இரு சாராரும் அம்மருந்தால் பிழைத்தனர் என்பது மறுக்கவியலாத உண்மை. உயிராபத்தில் வேறு வழியில்லாதபோது விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்ற இஸ்லாமியச் சட்டக்கலையின் விதி அங்கு துணைநின்றது.

பன்றி ஏன் பொருந்தியது என்பதற்கான விடை பின்னரே தெரியவந்தது. இன்சுலின் 51 அமினோ அமிலங்களாலானது. மனித இன்சுலினுக்கும் பன்றியின் இன்சுலினுக்கும் இடையில் ஒன்றே ஒன்றுதான் வேறுபடுகின்றது. மாட்டினுடையதில் மூன்று வேறுபடுகின்றன. 1982இல் பக்டீரியாவினுள் மனித மரபணுவைப் புகுத்தித் தயாரித்த இன்சுலின் பாவனைக்கு வந்ததும், விலங்குகளில் தங்கியிருக்கும் தேவை படிப்படியாக நீங்கியது. சமயத் தடுமாற்றத்துக்கு விஞ்ஞானமே ஒரு மாற்றுவழியைத் தந்தது.

பான்டிங் இவற்றைக் காணவில்லை. 1934இல் சேர் பட்டம் பெற்ற அவர், ஓவியம் வரைவதிலும் போர்க்கால மருத்துவ ஆய்வுகளிலும் ஈடுபட்டார். இரண்டாவது உலகப் போரின்போது இங்கிலாந்துக்குப் புறப்பட்ட விமானம் நியூபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. 1941 பெப்ரவரி 21ஆம் திகதி, 49ஆவது வயதில் அவர் காலமானார். அவரது பிறந்த தினமே இன்று உலக நீரிழிவு தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது.

பன்றியுடனான தொடர்பு அத்துடன் முடிந்துவிடவில்லை. குருதி சுத்திகரிப்பின்போது ஏற்றப்படும் ஹெபரின் என்ற மருந்து இன்றும் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்தே பெறப்படுகின்றது. 1997இல் அசாமில் ஒரு வைத்தியர் பன்றியின் இதயத்தை மனிதருக்குப் பொருத்தியபோது நோயாளி இறந்தார், வைத்தியர் சிறை சென்றார். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் பத்து மரபணு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் இதயம் பொருத்தப்பட்டவர் இரண்டு மாதங்கள் வாழ்ந்தார். அந்த ஆய்வை வழிநடத்திய முஹம்மத் முஹியுத்தீன், கராச்சியில் மருத்துவம் பயின்ற முஸ்லிம் என்பது குறிப்பிடத்தக்கது. 2024 மார்ச்சில் 69 மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் சிறுநீரகம் பொஸ்டனில் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது.

சிறுநீரக நோயால் வடமத்திய மாகாணக் கிராமங்கள் வாடுகின்ற நாடு இது. நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் செயலிழந்தோர் நகரங்களிலும் உள்ளனர். எனவே இக்கேள்வி ஒருநாள் நமது வைத்தியசாலைகளின் கட்டிலருகிலும் எழும். நோயாளி மூச்சுத் திணறும் வேளையில் மார்க்கத் தீர்ப்புத் தேடி அலைவது கொடுமையாகும். உலமாக்களும் ஏனைய சமயத் தலைவர்களும் வைத்தியர்களும் இப்போதே அமர்ந்து ஆராய்வது அவசியமாகும். எந்த மருந்து எவ்விலங்கிலிருந்து வருகின்றது என்பதை அறியும் உரிமையும், அறிந்தபின் ஏற்கவோ மறுக்கவோ உள்ள உரிமையும் நோயாளிக்கு உண்டு.

இன்னொரு கேள்வி அதனிலும் பெரியது. மரபணு மாற்றப்பட்ட பன்றிகள் இன்று தனியார் நிறுவனங்களின் உடைமைகள். ஒரு சிறுநீரகத்தின் விலையை அந்நிறுவனங்களே நிர்ணயிக்குமாயின், சமயம் அனுமதித்தாலும் ஏழையின் மடி அனுமதிக்காது. மருந்துத் தட்டுப்பாடு எத்தகையது என்பதை 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் இந்நாட்டு மக்கள் அனுபவித்தறிந்தனர். ஒரு டொலருக்குத் தமது உரிமையை விட்டுக்கொடுத்த பான்டிங்கின் செயல் அன்று பெருந்தன்மையாகத் தோன்றியிருக்கலாம். இன்று அதனை நியாயத்தின் அளவுகோலாகவே நாம் கொள்ளவேண்டியுள்ளது.