வெள்ளிப் பறவை

நுழையும்முன்

ஒலியைக் காட்டிலும் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் விரைந்து செல்வது ஹைப்பர்சானிக் வேகம் எனப்படும். அவ்வேகத்தில் செல்லும் ஊர்தி மனிதரையும் சுமக்கலாம், குண்டையும் சுமக்கலாம். இத்தகைய ஊர்திக்குத் தொடக்கக் காலத்திலேயே விரிவான வடிவம் தந்த ஆய்கன் சேங்கரின் வாழ்க்கையை அறிவோம்.

இளமையும் கல்வியும்

சேங்கர் 1905 செப்டம்பர் 22 அன்று, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்ட பொஹீமியாவில் பிறந்தார். பள்ளி நாள்களில் செவ்வாய்வாசிகளைப் பற்றிய புதினம் ஒன்று அவருள் விண்வெளி வேட்கையை விதைத்தது. கட்டடப் பொறியியல் பயின்ற அவரை, ஹெர்மன் ஓபெர்த்தின் ராக்கெட் நூல் வானூர்தியியல் பக்கம் திருப்பியது. ராக்கெட் பறப்பைப் பற்றி அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டை வியன்னாவில் ஏற்க மறுத்தனர். மனந்தளராத சேங்கர், வானூர்தி இறக்கைகளைப் பற்றி எழுதிப் பட்டம் பெற்றார். மறுக்கப்பட்ட கருத்துகளை விரித்து 1933இல் நூலாக வெளியிட்டார்.

போர்க்கால வரைவு

1936இல் ஹிட்லரின் ஜெர்மனி அவரை ஆய்வுப் பணிக்கு அழைத்தது, அவரும் சென்றார். அங்கு ஐரீன் பிரெட் என்னும் அறிவியலாளருடன் இணைந்து ‘வெள்ளிப் பறவை’யை வடிவமைத்தார். மூன்று கிலோமீட்டர் நீளத் தண்டவாளத்தில் உந்தப்பட்டு எழும் அவ்வூர்தி, வளிமண்டலத்தின் விளிம்பிற்கு மேலே செல்லும். குளத்து நீரின்மேல் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்தித்தத்திச் செல்வதுபோல, அடர்ந்த காற்றில் மோதி எழும்பி எழும்பி நெடுந்தொலைவு கடக்கும். ஆயினும், 1944இல் வெளிவந்த மறை ஆவணத்தில் அது தொலைதூரக் குண்டுவீச்சு ஊர்தியாகவே இடம்பெற்றது.

அவ்வூர்தி ஒருநாளும் பறக்கவில்லை. காற்றில் மோதும்போது எழும் வெப்பம் அவர்கள் கணித்ததினும் மிகுதி எனப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. தாளில் இட்ட கணக்கு மட்டும் போதாது என்பதால் பறப்புச் சோதனை இன்றியமையாததாயிற்று. அமெரிக்காவின் எக்ஸ்-15 ஊர்தி 1959 முதல் 1968 வரை 199 முறை பறந்து, வெப்பத்தையும் கட்டுப்பாட்டையும் அளந்து தந்தது.

போருக்குப் பின்

போர் முடிந்ததும் சேங்கர் பிரான்சில் பணியாற்றினார். 1951இல் பன்னாட்டு விண்வெளிப் பயணக் கூட்டமைப்பின் முதல் தலைவரானார். பல நாட்டு அறிஞர்களும் அங்கு ஒன்றுகூடினர். அவ்வாண்டிலேயே ஐரீனை மணந்தார். பின்னர் ஜெர்மனியில் ஆய்வு நிறுவனம் ஒன்றை வழிநடத்தினார். எகிப்தின் ராக்கெட் திட்டத்திற்குத் துணைபுரிந்ததால் எழுந்த கண்டனம் 1961இல் அப்பதவியைப் பறித்தது. 1964 பிப்ரவரி 10 அன்று பெர்லினில் மறைந்தார்.

இன்றைய வினா

வழக்கமான ஏவுகணை செல்லும் பாதையை முன்கூட்டியே கணிக்க இயலும். ஹைப்பர்சானிக் சறுக்கு ஊர்தியோ தாழப் பறந்து வழியை மாற்றிக்கொள்ளும். அதன் இலக்கு எதுவென இறுதிவரை தெரியாது. ஐயத்தோடு விரைந்து முடிவெடுக்க நேர்ந்தால், பிழையொன்றே போராக மூளலாம். எனவேதான் ஆயுதக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது. 2010இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, 2019இல் ரஷ்யா தன் ‘அவன்கார்ட்’ ஊர்தியை அமெரிக்க ஆய்வாளர்களுக்குக் காட்டியது. பகை நாடுகளும் ஒன்றையொன்று சரிபார்க்க இயலும் என்பதற்கு அது சான்றாகும்.

சேங்கரின் கணக்குகள் விண்வெளிக்கும் போர்க்களத்திற்கும் ஒருங்கே பயன்பட்டன. ஊர்தியின் விரைவைப் பொறியாளர் கணிக்கலாம். அது எதைச் சுமக்க வேண்டும் என்பதை மனிதகுலமே முடிவு செய்ய வேண்டும்.