உருவம் கடந்த ஓவியர் காண்டின்ஸ்கி

கண்ட பொருளைக் கண்டவாறே தீட்டுவதுதான் ஓவியம் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் கருதினர். அக்கருத்தை அசைத்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் வசீலி காண்டின்ஸ்கி.

1866இல் மாஸ்கோவில் பிறந்து ஒதெஸாவில் வளர்ந்த அவர், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டமும் பொருளியலும் பயின்றார். பிரெஞ்சு ஓவியர் மோனே தீட்டிய வைக்கோற்போர் ஓவியம் ஒன்றைக் கண்காட்சியில் கண்டார். வரையப்பட்ட பொருள் இன்னதென்று முதலில் விளங்கவில்லை. ஆயினும் வண்ணம் உள்ளத்தை ஆட்கொண்டது. 1896இல் தோர்பாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி தேடி வந்தபோது, அதனை மறுத்து, முப்பதாம் வயதில் மியூனிக் சென்று ஓவிய மாணவராக அமர்ந்தார்.

1904ஆம் ஆண்டின் இறுதியில் துனீசியா சென்று சில மாதங்கள் தங்கினார். 1910இல் மியூனிக்கில் நடைபெற்ற இஸ்லாமியக் கலைக் கண்காட்சியில் பாரசீக நுண்ணோவியங்களைக் கண்டு வியந்து எழுதினார். உருவம் தவிர்த்த அணிக்கலை இஸ்லாமிய உலகில் பல நூற்றாண்டுகளாகச் செழித்திருந்ததை நாம் அறிவோம். காண்டின்ஸ்கியோ, உருவத்தைத் துறந்தால் தம் ஓவியம் வெறும் அலங்காரமாகிவிடுமோ என அஞ்சினார். இசையைப் போல் வண்ணமும் கோடும் ஆன்மாவைத் தொட வேண்டும் என்பதே அவர் வேட்கை. 1911இல் பிரான்ஸ் மார்க்குடன் நீலக் குதிரைவீரன் குழுவைத் தோற்றுவித்தார். கலையின் ஆன்மிகம் பற்றிய நூலையும் வெளியிட்டார்.

அந்தி வேளையில் தம் கூடத்துள் நுழைந்து, இனம் புரியாத பேரழகு ஓவியம் ஒன்றைக் கண்டு திகைத்தார் என்றும், அது பக்கவாட்டில் சாய்ந்திருந்த தம் படமே என்றும் கூறும் நிகழ்ச்சி புகழ்பெற்றது. அதனைச் சொன்னவரும் அவரே. முதல் அரூப ஓவியம் எனப்பட்ட அவரது நீர்வண்ணப் படத்தில் 1910 எனும் ஆண்டு காணப்படுகிறது. அது 1913இல் தீட்டப்பட்டதென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சுவீடனைச் சேர்ந்த ஹில்மா ஆஃப் கிளின்ட் என்னும் பெண்மணி 1906இலேயே இவ்வழியில் இறங்கியிருந்தார் என்பதும் இன்று தெளிவாகியுள்ளது.

1922 முதல் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக விளங்கினார். 1933இல் நாஜிகளின் நெருக்குதலால் அப்பள்ளி மூடப்படவே, பிரான்சில் குடியேறினார். 1937இல் ஜெர்மனி அருங்காட்சியகங்களிலிருந்த அவருடைய 57 படைப்புகள் சீரழிந்த கலை எனப் பறிமுதல் செய்யப்பட்டன. 1944இல் பாரிஸை அடுத்த நெயியில் மறையும் ஆண்டுவரை தூரிகையை அவர் கைவிடவில்லை.

முதல்வர் யார் என்னும் வழக்கு எவ்வாறு முடியினும், உறுதியான பதவியைத் துறந்து உள்ளத்தின் அழைப்பைப் பின்பற்றிய அத்துணிவு மாணவ உலகம் எண்ணிப் பார்க்கத்தக்கது.